புறப்பாடல்களும் படைக்கலப் பயிற்சியும்

புறத்திணைப் பாடல்கள் போரைப் பாடுகின்றன. போருக்கு முன்னர் உடம்பு பட்ட பாட்டை அவை பாடுவதில்லை. வேலேந்திய வீரனைக் களத்திடைக் காண்கின்றோம். அவ்வேலை ஏந்தக் கற்ற நாளில் அவன் எங்கிருந்தான், யாரிடம் கற்றான், எத்துணை முறை தவறினான் என்பன நமக்குத் தெரியவில்லை. இது சிறு வினாப் போலத் தோன்றலாம். ஆயினும், புறப்பாடல்களின் வீரத்தைப் பிறவிக் குணமாகக் கொள்வதா, உழைப்பின் பயனாகக் கொள்வதா என்னும் பெரிய வினா இதனைச் சார்ந்தே நிற்கின்றது. மறக்குடியிற் பிறந்தானுக்கு மறம் தானே வரும் என்பது மேடைகளில் எளிதாகக் கூறப்படுகின்றது. புறநானூறு அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. அச்சான்று எத்துணை உறுதியுடையது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பிறவி வீரம் என்பார்க்குத் துணையாகும் பாடல்கள் இல்லாமல் இல்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய எழுபத்தேழாம் பாடலில், அவன் ஐம்படைத்தாலி களைந்திலன். பால் நீங்கி உணவு கொண்டதும் அன்றுதான். அத்தகைய இளையோன் தேரில் வில்லேந்தி நிற்கின்றான். ஒக்கூர் மாசாத்தியாரின் இருநூற்றெழுபத்தொன்பதாம் பாடலில், முன்பே தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்த மறக்குடி மகள், தன் ஒரே மகனின் குடுமியை எண்ணெய் நீவி, கையில் வேல் கொடுத்துப் போர்முகம் நோக்கி அனுப்புகின்றாள். பாலுக்கும் போருக்கும் இடையே ஓர் இடைவெளி இருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாண்டுகளைப் பாடல் ஒரே மூச்சிற் கடந்துவிடுகின்றது. புலவர் பொய் கூறினார் என்பது எம் கருத்தன்று. வியப்பை உண்டாக்கும்பொருட்டுக் காலத்தைச் சுருக்குதல் செய்யுளுக்கு உரிமை. அச்சுருக்கத்தை வரலாறாகப் படிப்பதே பிழை.

பொன்முடியாரின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பாடல் இவ்வகையில் தனியே ஆராயத்தக்கது. தாய்க்கும், தந்தைக்கும், கொல்லனுக்கும், வேந்தனுக்கும், காளைக்கும் உரிய கடன்களை அது வகுக்கின்றது. ஐவர் கடன் கூறிய அப்பாட்டில் படை பயிற்றிய ஆசிரியனுக்கு இடமில்லை. வேல் வடித்த கொல்லன் நினைக்கப்பட்டான். அவ்வேலை எறியக் கற்பித்தவன் நினைக்கப்பட்டிலன். இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். சான்றோன் என்பதற்கு வீரன் என்னும் பொருளும் பழைய வழக்கில் உண்டு. பதிற்றுப்பத்தின் பழைய உரைகாரரும் ஓரிடத்தில் அவ்வாறு கொண்டார். அங்ஙனமாயின், தந்தையே ஆசிரியன் என்றாகும். இம்மறுப்பை யாம் ஒதுக்கவில்லை. ஆயினும் வினைச்சொற்களை நோக்குக. கொல்லன் செயலுக்கு ‘வடித்தல்’ என்னும் தொழிற்சொல் வந்துள்ளது. உலையும் சம்மட்டியும் அச்சொல்லில் உள்ளன. தந்தையின் செயலுக்கோ ‘ஆக்குதல்’ என்னும் பொதுச்சொல்லே வந்துள்ளது. எவ்வாறு ஆக்கினான் என்பது அச்சொல்லுக்குள் மறைந்து கிடக்கின்றது. இரும்பு பட்ட அடி பாட்டில் ஏறியது. மகன் உடம்பு பட்ட அடி ஏறவில்லை.

இலக்கண நூல்களும் இவ்வாறே. தொல்காப்பியப் புறத்திணையியல் நிரை கவர்தல் முதலாகப் போரின் ஒவ்வொரு படியையும் துறையாக்கியது. போர் முன் அறியாத இளையோன் களம் புகுவதைப் பிள்ளைநிலை என்றும் கூறியது. அதற்கு முந்திய நிலைக்குத் துறையில்லை. புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபில் மல்வென்றி உண்டு, ஆயினும் அது வென்றி, கற்றல் அன்று.

தமிழ்ச் செய்யுள் பயிற்சியைப் பாடும் ஆற்றல் அற்றது என்று இதனாற் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அதற்கு மறுமொழி. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் மாதவி அரங்கேறுகின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் வல்லோன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர் தகுதியும் அங்கே அளந்து கூறப்படுகின்றது. அரங்கின் நீள அகலம்கூட விடப்படவில்லை. ஓர் ஆடல்மகளின் கை பழகிய வகையைத் தனிக் காதையிற் பாடிய மொழி, ஒரு வில்லாளியின் கை பழகிய வகையைப் பாடாது விட்டது. எனவே இம்மௌனம் மொழியின் குறையன்று, மரபின் தேர்வு. அத்தேர்வுக்குக் காரணம் யாது?

அதனைக் காணப் பயிற்சி என்பது உடம்பில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். சங்ககாலப் பயிற்சியை நேரே விளக்கும் நூல் நமக்கு இல்லாமையால், இன்றும் வழக்கிலுள்ள ஒரு முறையாகிய மலையாள நாட்டு வடக்கன் களரியை நோக்குவோம். இரண்டும் ஒன்றே என்று நிறுவுதல் எம் நோக்கமன்று. உடம்பின் இயல்பு இரண்டிற்கும் பொது என்ற அளவே போதும்.

நிலமட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்ட, நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தொரு அடி அகலமும் உடைய மண்தளம் அது. மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை இருக்கும். மாணாக்கன் வலக்கால் முன்வைத்துப் புகுந்து, தரை தொட்டு வணங்கி, உடம்பெங்கும் எண்ணெய் பூசி நிற்பான். தொடக்கத்தில் அவன் கையில் படைக்கலம் தரப்படுவதில்லை. மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சியே முதற்படி, பின்னர்க் கோல்த்தாரி, அதன் பின்னரே இரும்புப் படைகளுக்குரிய அங்கத்தாரி, இறுதியில் வெறுங்கை. இவ்வரிசையே ஒரு கருத்தைக் கூறுகின்றது. வெறுங்கை என்பது தொடங்கும் இடமன்று. வாளும் கோலும் பழகிய உடம்பு சென்று சேரும் இடம். நேர்கால் என்னும் பயிற்சியில் முழங்கால் மடங்காமல் காலை உயர்த்தி, தூக்கிய கையைத் தொடும்படி வீசுதல் வேண்டும். புதியவனுக்குத் தொடையின் பின்புறம் இழுத்துப் பிடிக்கும், இடுப்பு வளையும், நின்ற கால் நடுங்கும். யானை, சிங்கம், பன்றி முதலிய வடிவுகளில் தாழ்ந்து நிற்கும்போது அவ்வலி தொடையின் முன்புறத்திற்கு மாறும். மழைக்காலத்தில் ஆசிரியர் கயிற்றைப் பற்றிக்கொண்டு தம் காலால் மாணாக்கன் உடம்பை உழிந்து தசையை நெகிழ்விப்பார். வலியைத் தருபவரும் வலியை நீக்குபவரும் ஒருவரே. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையே அங்கு வளரும் பற்று ஏட்டுக்கல்வியில் காண்டற்கு அரியது.

இப்பயிற்சியின் நடுவே நிற்பது பிழை. தமிழ்நாட்டுச் சிலம்பம் பயில்வோர் இதனை நன்கறிவர். சுழற்றிய மூங்கிற்கோல் முதலில் தாக்குவது எதிரியை அன்று. தன் முழங்கையையும் காதையும் கணுக்காலையுமே. பின்னர் இணைந்து ஆடுபவன் கோல் விழும். முதுகிலும் விழும். பயிற்சிக்களம் என்பது நாள்தோறும் தோற்பதற்கு இசைவு பெற்ற இடம். அங்கே தோல்விக்கு நாணம் இல்லை.

புறத்திணையின் அறமோ இதற்கு நேர்மாறானது. முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். வீழ்ந்தால் மாளவேண்டும், மாளாவிடின் வெல்லவேண்டும் என்னும் இவ்வுலகில், வீழ்ந்து எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மீண்டும் நிற்பவனுக்குத் துறை எங்ஙனம் அமையும்? பயிற்சியைப் பாடினால் தோல்வியைப் பாடவேண்டும். தோல்வியைப் பாடினால் பாடாண் கெடும். மரபு பயிற்சியை விலக்கியதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது எம் துணிபு. பட்டினப்பாலையில் இதனை நன்கு காணலாம். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை மணலில் இளையோர் கையாலும் கருவியாலும் பொருதும், கவண்கல் எறிந்தும் விளையாடுகின்றனர். களரி என்னும் சொல்லும் அங்கே வந்துள்ளது. பயிற்சிக்கு மிக நெருங்கிய காட்சி அதுவே. ஆயினும் அவ்விளையாட்டிலும் உருத்திரங்கண்ணனார் ஒருவரையும் புறங்கொடுக்க விடவில்லை! விளையாட்டிற்கூடத் தோற்போர் இல்லாத களரி அது.

நேர்வாயில் அடைக்கப்பட்ட பொருள் பக்கவாயில் வழியே புகுதல் இலக்கியத்தில் இயல்பு. பயிற்சியும் அவ்வாறே உவமை வழியே புறநானூற்றுள் புகுந்தது. இதனை விளக்கச் சாத்தந்தையார் பாடல்கள் பெரிதும் உதவுகின்றன.

போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதை அவர் எண்பதாம் பாடலில் பாடினார். ஒரு கால் எதிரியின் மார்பிலே மண்டியிட்டு ஊன்றியது. மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்தது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வது போலத் தலையும் காலும் ஒடியுமாறு அவன் மோதினான். பொதுவாகப் ‘பொருதான், வென்றான்’ என்று அமையும் புறப்பாடல்களிடையே, எக்கால் எங்கிருந்தது என்று கூறும் இப்பாட்டு தனித்து நிற்கின்றது. இவ்வாறு பாடுவதற்கு மற்போரைக் கண்டால் மட்டும் போதாது. பிடியின் முறை அறிந்து காணவேண்டும். அரங்கேற்று காதையின் ஆசிரியர் ஆடலை அறிந்தது போல இவர் மல்லை அறிந்தவர் என்று கருதத் தடையில்லை. பகைகொண்டிருந்த தந்தை தித்தன் இதனைக் காணவேண்டும் என்று புலவர் விரும்புகின்றார். தந்தையின் கண் முன் நிகழாத வெற்றி இது. சான்றோன் ஆக்குதல் தந்தை கடன் என்ற பொன்முடியார் பாட்டோடு இதனை வைத்து நோக்குக. தந்தை உடனில்லாத இம்மகனை மல்லனாக ஆக்கியவர் யார்?

எண்பத்திரண்டாம் பாடல் இதனினும் ஆழமானது. அதே கிள்ளியின் போர் விரைவைக் கூற வந்த புலவர், மின்னலையும் புலியையும் விட்டு, கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியிடம் சென்றார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்கு மகப்பேற்று நேரம், மழை பெய்கின்றது, ஞாயிறும் சாய்கின்றது. அவன் கையிலுள்ள ஊசி வாரைச் செலுத்திச் செல்கின்றது. அவ்வூசியினும் விரைந்தது நெடுந்தகையின் போர். இவ்வுவமையின் பொருத்தம் விரைவு ஒன்றே எனப் பொதுவாகக் கூறுவர். அஃது உண்மையே; ஆயினும் முழுவுண்மை அன்று. விரைவு மட்டும் வேண்டுமாயின் விழாவும் மனைவியும் மழையும் எதற்கு? தொழிலாளியின் மனம் பல இடங்களில் ஓடுகின்றது. கண்ணுக்கோ ஒளி குறைகின்றது. மனமும் கண்ணும் உதவாத நிலையில் கை பிழையாமல் செல்கின்றது. பல்லாண்டு ஒரே செயலைச் செய்த கைக்கன்றி வேறெந்தக் கைக்கும் இஃது இயலாது. எனவே சாத்தந்தையார் கூறியது கிள்ளியின் விரைவை மட்டும் அன்று. அவன் கை பயின்ற கை என்பதையும் அவர் கூறிவிட்டார். துறை இடம் தராத செய்தியை உவமை கொண்டுவந்து சேர்த்தது.

வடமொழிப் பாரதத்து ஆதிபருவத்தில் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. அருச்சுனன் இரவில் உண்ணும்போது விளக்கு அவிந்தது. இருளிலும் கை வாயைத் தவறவில்லை. பழக்கத்தின் ஆற்றலை அதனால் உணர்ந்து அவன் இருளிலேயே வில் பயிலத் தொடங்கினான். நாணொலி கேட்டுத் துரோணர் வந்தார். அங்கே வீரன் தன் கையிடமே கற்கின்றான். சாத்தந்தையாரோ வேந்தன் கையை விளக்கத் தொழிலாளியின் கையை எடுத்தார். அத்தொழிலாளியை அவர் சுட்டும் பெயர், இழிவுப் பொருள் தரும் ‘இழிசினன்’ என்னும் பெயர். இருநூற்றெண்பத்தேழாம் பாடலிலும், போர்ப்பறை முழக்கும் தொழிலாளரை இத்தகைய பெயர்களாலேயே விளிக்கின்றார். பெயரால் தாழ்த்திய ஒருவனது கையை வேந்தன் கைக்கு அளவுகோலாக வைத்த இம்முரணைப் பழைய உரைகளும் புதிய விளக்கங்களும் போதிய அளவு நின்று நோக்கவில்லை. அதே ஆதிபருவத்தில் ஏகலைவன் கட்டைவிரலை இழந்த கதையும் உள்ளது. பயிற்சிக்கு உரியவர் யார் என்ற வினாவை அவ்விதிகாசம் கொடுமையோடேனும் வெளிப்படையாக எழுப்பியது. புறநானூறு அதனை ஓர் உவமைக்குள் வைத்து மூடியது.

ஔவையாரின் எண்பத்தேழாம் பாடலும் இவ்வினத்ததே. அதியமான் எத்தகையவன்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒரே தேர்க்கால் போன்றவன். உறுதியையும் செப்பத்தையும் கூறும் உவமையாகவே இது போற்றப்படுகின்றது. யாம் இதிற் காண்பது காலக்கணக்கு. எண்தேர் செய்யும் கை ஒரு காலுக்கு முப்பது நாளை அளித்தது. வீரன் செய்யப்பட்டவன், அதுவும் மெல்லச் செய்யப்பட்டவன். பால் நீங்கிய நாளிலேயே வில்லேந்தினான் என்ற இடைக்குன்றூர் கிழார் பாட்டோடு இதனை ஒப்பிட்டால், புறநானூற்றுக்குள்ளேயே இருவேறு கொள்கைகள் நிற்பதைக் காணலாம். மேடைப் பேச்சு முதலதனை மட்டும் எடுத்துக்கொண்டது.

காப்பியங்களில் இம்மௌனம் ஓரளவு தளர்ந்தது, மிகுதியாகத் தளரவில்லை. கம்பனில் வசிட்டன்பால் அரசிளங்குமரர் கற்றது விரைந்து முடிகின்றது. விசுவாமித்திரன் தரும் படைகளோ பயின்று பெறுவன அல்ல. சீவகன் அச்சணந்தியிடம் கற்றதும் அவ்வாறே. கனகமாலையார் இலம்பகத்தில் மாங்கனியைக் குறிவைத்துத் தவறும் விசயனைக் காண்கின்றோம். தவறும் மாணாக்கன் ஒருவன் தமிழ்க் காப்பியத்திலும் வந்துவிட்டான் என்று மகிழுமுன், சீவகன் அதனை எய்து தன் திறம் காட்டுகின்றான். பின்னர் இளவரசர்க்கு ஆசிரியனாகின்றான். விசயன் பிழை சீவகன் பெருமைக்குத் துணையாயிற்று. விசயன் திருந்திய வகை பாடப்படவில்லை. நிகண்டுகளோ வில்லோர் நிலை பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்கு என்று பெயர் தந்தன. பெயர்கள் வாழ்ந்தன, அந்நிலைகளில் தொடை நடுங்க நின்ற உடம்புகள் மறைந்தன.

கல்வியின் இயல்பு பற்றித் தமிழில் கூறப்பட்டவற்றுள் படைப்பயிற்சிக்கு மிகப் பொருந்துவது, வியப்பாக, இலக்கண நூலொன்றில் உள்ளது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று பவணந்தியார் நன்னூலில் கணக்கிட்டார். ஏட்டுக்கல்விக்குக் கூறிய இக்கணக்கு, ஏட்டுக்கு இடமே இல்லாத களத்தில் அப்படியே மெய்யாகின்றது. பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் லோயிக் வாக்கான் 1988-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்திற் சேர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டு தாமே பயின்று, 2000-இல் அதனை நூலாக்கினார். பயிற்சியாளர் சொல்லால் விளக்குவது மிகக் குறைவு; கண்டும், உடன் ஆடியும், ஒருவரையொருவர் திருத்தியுமே கற்கின்றனர் என்பது அந்நூலால் விளங்குகின்றது. அமெரிக்க அரங்கியல் அறிஞர் பிலிப் சரில்லி 1976 முதல் திருவனந்தபுரத்துக் களரியிற் பயின்று 1998-இல் வெளியிட்ட நூலுக்கு, உடம்பு முழுவதும் கண்ணாதல் என்னும் மலையாள வழக்கையே பெயராக்கினார். இவ்விருவரும் தம் உடம்பைச் சான்றாக வைத்து எழுதினர். புறப்பாடல்களை ஆராயும் நாம் சொல்லகராதியை மட்டும் வைத்து மற்போர்ப் பாட்டுக்குப் பொருள் காண்கின்றோம். எண்பதாம் பாடலில் காலின் நிலையை விளக்க ஒரு மல்லரை வினவுவது ஆராய்ச்சிக்கு இழுக்கன்று.

தமிழிலேயே இதற்குரிய மூலங்கள் சில உள்ளன. இலக்கியம் அல்ல என்று அவை ஒதுக்கப்பட்டன. களரியில் ஆசிரியர் உரக்கச் சொல்ல மாணாக்கர் அதற்கேற்ப அசையும் கட்டளைத் தொடருக்கு வாய்த்தாரி என்று பெயர். குமரிப் பகுதியில் வழங்கும் தென்முறையில் ஆசிரியரை ஆசான் என்பர். அடிமுறை, சுவடு, பூட்டு எனத் தமிழ்ச் சொற்கள் அங்கு மிகுதி. படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டு வர்மங்களைக் கூறும் ஓலைநூல்களும் தமிழிலேயே உள்ளன. வர்ம நூல்கள் மருத்துவத்தின் துணையால் ஓரளவு அச்சேறின. வாய்த்தாரிக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அது செய்யுளும் அன்று, உரைநடையும் அன்று. ஏவல் வினைகளும் திசைச்சொற்களும் அடுக்கி வருவது. ஏட்டில் படித்தால் பொருள் விளங்காது; உடம்பு அசையும்போதே விளங்கும். புறப்பாடல்கள் விட்ட இடைவெளியில், பாலுக்கும் போருக்கும் இடைப்பட்ட அவ்வாண்டுகளில், ஒலித்திருக்கக்கூடிய மொழி எத்தகையது என்பதை ஊகிக்க இதனினும் நெருங்கிய சான்று நமக்கில்லை.

இத்தொடர்களைப் பதிப்பிக்கப் புகுவோர் ஓலையை மட்டும் ஒப்பு நோக்குதல் போதாது. கற்றவர் ஒருவரை நிறுத்தி, ஆசான் சொல்லச் செய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எக்கால் முன் செல்கின்றது, எவ்விடத்தில் மூச்சு நிற்கின்றது என்பதைப் பாடத்தின் அருகே குறித்தல் வேண்டும். ஏடெழுதுவோர் பிழையென்றும் பாட வேறுபாடென்றும் அடிக்குறிப்பிற் சேர்க்கப்படுவனவற்றுட் சில, ஆசானுக்கு ஆசான் மாறிய அடிவைப்பின் வேறுபாடாகவே இருத்தல் கூடும்.